பொதிகை எக்ஸ்பிரஸில் என் மூச்சை எண்ணிய அம்மாவுக்கு

அன்புள்ள சொந்தங்களுக்கும், நண்பர்களுக்கும், என் ஸ்டூடியோவை நம்பி முகூர்த்தத் தேதி கொடுத்த வீட்டார்களுக்கும்,

வணக்கம். தை மாதம் அந்த ராத்திரி, வண்டி ஓட்டிக்கொண்டே நான் தூங்கிப்போன அந்த விபத்தில் என்ன நடந்தது என்று உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கும் இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள்; தென்காசியில் அதற்குப் பஞ்சமில்லை. அதனால் அதைத் திரும்ப எழுதப்போவதில்லை. எழுத இன்னும் கை வரவில்லை என்பதும் உண்மை. வண்டியில் என்னோடு இருந்த ஸ்டூடியோ தம்பிகள் இருவரும் இப்போது நன்றாக இருக்கிறார்கள். சின்னவனுக்கு மாவுக்கட்டு பிரித்தாயிற்று. பெரியவன் போன வாரம் ஒரு வளைகாப்புக்குத் தனியாகவே போய்ப் படம் எடுத்துவிட்டு வந்தான். இதை எழுதும்போதே கண் கலங்குகிறது, சரி, விடுங்கள்.

நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். முறைப்படி பார்த்தால் அன்று முதலில் ஓடி வந்தவர்களில் இருந்துதான் தொடங்க வேண்டும். ஆனால் என் முதல் நன்றி, அந்த ராத்திரிக்கு ஐந்து மாதம் முன்பே எனக்கு உதவி செய்தவருக்கு. அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஊர் ஸ்ரீவில்லிபுத்தூராக இருக்கலாம், அல்லது அங்கே யாரையாவது பார்க்க வந்தவராக இருக்கலாம். இந்த மடல் கை மாறி மாறி எப்படியாவது அவரிடம் போய்ச் சேராதா என்ற நப்பாசையில்தான் இதை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதுகிறேன்.

ஆவணி மாதம், கேமரா சர்வீஸுக்காகச் சென்னை போய்விட்டுப் பொதிகையில் திரும்பிக்கொண்டிருந்தேன். எனக்கு மிடில் பெர்த். எதிர்ப்பக்கம் லோயர் பெர்த்தில் ஒரு அம்மா, எழுபது வயதிருக்கும். ஒயர் கூடை, ஒரு வாரப் பத்திரிகை, காதில் செருகின மாதிரி ஒரு பென்சில். செங்கல்பட்டு வருவதற்குள் நான் படுத்துவிட்டேன். அப்போதெல்லாம் எனக்குப் படுப்பதற்கு ராத்திரிகூடத் தேவையில்லை, சாய ஒரு இடம் கிடைத்தால் போதும்.

விடிகிற நேரத்தில் யாரோ கையைத் தொட்டு அசைத்தார்கள். அந்த அம்மா. "தம்பி, நான் இறங்கணும். இதை வச்சுக்கோங்க. வீட்ல காட்டுங்க" என்று மடித்த தாள் ஒன்றைக் கையில் வைத்தார். வண்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றது, இறங்கிப் போய்விட்டார். நான் அரைத் தூக்கத்தில் வாங்கிக்கொண்டேன். நன்றிகூடச் சொல்லவில்லை.

பக்கத்து சைடு லோயரில் இருந்த பையன்தான் மிச்சத்தைச் சொன்னான். ராத்திரி என் குறட்டையில் அந்தப் பெட்டியிலேயே யாரும் தூங்கவில்லையாம். பொறுக்க முடியாமல் இவன் என்னை எழுப்ப வந்திருக்கிறான். அந்த அம்மா கையை நீட்டித் தடுத்து, "அவர் குறட்டை விடலப்பா, மூச்சுக்குத் திண்டாடுறார். நீ பேசாம இரு, எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்று சொன்னாராம். செல்போன் வெளிச்சத்தில் பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருந்தாராம்.

தாளைப் பிரித்தேன். பத்திரிகையில் இருந்து கிழித்த குறுக்கெழுத்துப் பக்கம். பாதிக் கட்டங்கள் நிரப்பியிருந்தன. ஓரத்தில் வெள்ளையாக இருந்த இடத்தில், பால் கணக்குக்குப் போடுவோமே அந்த மாதிரி, நாலு கோடு நிறுத்தி ஒரு கோடு குறுக்கே. கீழே பொடி எழுத்தில்:

"தம்பி, கோபிக்க வேண்டாம். இரவு 11.05 முதல் 11.35 வரை 17 தடவை மூச்சு நின்றது. பெரியது, நான் 40 எண்ணும் வரை. பிறகு திணறி வருகிறது. பெரிய டாக்டரிடம் காட்டவும். எங்கள் வீட்டுக்காரருக்கும் இப்படித்தான். நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை."

இதைப் படித்துவிட்டு நான் என்ன செய்திருக்க வேண்டும்? என்ன செய்தேன் என்பதைச் சொல்கிறேன். கூச்சத்தில் முகம் சுருங்கிப்போனது. குறட்டை விட்டதற்கு எழுத்து மூலமாக ஒரு புகார் என்றுதான் எனக்குத் தோன்றியது. மடித்துக் கேமரா பையின் பக்க ஜிப்புக்குள் வைத்தேன். சங்கரன்கோவிலில் டீ வாங்கிக் குடித்தபோது கோபம்கூட வந்தது. வீட்டில் காட்டவில்லை. அன்று சாயந்திரம் கடைக்கு வந்த நண்பர்களிடம், "ஒரு கிழவி ராத்திரி முழுக்க என் குறட்டையை எண்ணிக் கணக்கு எழுதிக் கொடுத்துருக்குப்பா" என்று சொல்லிச் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள். அதற்கப்புறம் கார்த்திகை முகூர்த்தங்கள் வந்தன, மார்கழியில் ஆல்பம் வேலை, பிறகு தை. அந்தப் பை ஒவ்வொரு கல்யாணத்துக்கும் என் தோளில் வந்தது. அந்தத் தாளும் வந்தது.

அம்மா, இதற்கு நன்றி சொல்வதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும். நீங்கள் கண் விழித்துக் கோடு போட்டீர்கள். நான் அதைச் சிரிப்புக் கதையாக்கினேன்.

விபத்துக்குப் பிறகு எல்லோரும் சொன்னது ஒன்றேதான்: "ஓய்வே இல்லாம ஓடுறீங்க, அலுப்பு." நானும் அதையே நம்பினேன். ஆனால் அலுப்பு என்றால் தூங்கினால் போக வேண்டுமே. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தலை கனக்கும். ராத்திரியில் நாலு தடவை பாத்ரூம். சர்க்கரையோ என்று பார்த்தால் சர்க்கரை இல்லை. பிரஷர் மட்டும் இரண்டு மாத்திரைக்கும் அடங்கவில்லை. தலைவலிக்குக் கண்ணாடி மாற்றினேன். ஒரு டாக்டர், 'நன்றாகத் தூங்க' என்று ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். அந்த மாதிரி மாத்திரையும், குடியும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடக்கூடும் என்பது பின்னால்தான் தெரிந்தது. மூன்று வருடத்தில் இத்தனை பேரைப் பார்த்தும் குறட்டை பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன், நானும் வாய் திறக்கவில்லை. குறட்டையை யார் நோயென்று நினைக்கிறார்கள்? "நல்லா அசந்து தூங்குறான்" என்பதுதானே நம் வீட்டுப் பேச்சு.

வண்டியில் இருந்து எடுத்து வந்த கேமரா பைக்குள் கண்ணாடித் தூள் கிடந்தது. என் மனைவி அதை முற்றத்தில் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தபோது பக்க ஜிப்பில் இருந்து அந்தத் தாள் விழுந்திருக்கிறது. படித்துவிட்டு என்னிடம் எதுவும் சொல்லவில்லை. ஆறு வருடமாக அவள் படுப்பது பிள்ளைகளோடு, அடுத்த அறையில். காரணம் என் குறட்டைதான். அன்று ராத்திரி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை என் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். காலையில் காபியை வைத்துவிட்டு, "அரை மணி நேரத்துல 22" என்றாள். அவ்வளவுதான். மறுநாளே மதுரைக்குப் புறப்பட்டோம்.

அங்கே நுரையீரல் டாக்டரிடம் அந்தத் தாளை நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். "யார் எழுதியது?" என்றார். சொன்னேன். "பாதி டெஸ்ட்டை அவங்களே எடுத்துட்டாங்க" என்று சொல்லி, அதை என் ஃபைலில் முதல் தாளாக வைத்தார். இன்னொன்றும் சொன்னார்: தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற இந்த நோயில் ('ஸ்லீப் அப்னியா' என்பார்களாம்) நோயாளி சாட்சியாக முடியாது. மூச்சு நிற்கும்போது அவன் தூக்கத்தில் இருக்கிறான், மூளை அவனை மூன்று நான்கு விநாடி உசுப்பி மூச்சை இழுக்க வைக்கிறது, காலையில் அதில் ஒன்றுகூட அவன் நினைவில் இருப்பதில்லை. பக்கத்தில் படுப்பவர்தான் சாட்சி. பக்கத்தில் யாரும் படுக்காத அளவுக்குக் குறட்டை விடுகிறவனுக்குச் சாட்சிக்கு எங்கே போவது?

அப்புறம் எட்டுக் கேள்வி உள்ள ஒரு தாள் கொடுத்தார்கள். படிக்கும்போது தூங்கிவிடுவீர்களா, டிவி பார்க்கும்போது, சாப்பிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, சிக்னலில் வண்டி நிற்கும்போது என்று ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்தில் இருந்து மூன்று வரை மார்க். மெல்போர்னில் ஒரு டாக்டர் 1991-ல் உண்டாக்கிய அளவுகோலாம், உலகம் முழுக்க இதைத்தான் கேட்கிறார்களாம். மொத்தம் 24, பத்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். நான் போட்டது 9. பக்கத்தில் இருந்த மனைவி பேனாவை வாங்கினாள். 'ஒருவரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது' என்ற இடத்தில் நான் போட்ட பூஜ்யத்தை அடித்து 2 போட்டாள். "எங்க அண்ணன் பொண்ணைக் கேட்டு வந்திருந்தப்போ, மாப்பிள்ளை வீட்டாரோட பேசிக்கிட்டே தூங்கினது யாரு?" கடைசியில் 19. டெய்லர் மாதிரி இஞ்ச் டேப்பால் கழுத்தையும் அளந்தார்கள். 43 சென்டிமீட்டர். 40-ஐத் தாண்டினாலே சந்தேகப் பட்டியலில் ஒரு புள்ளியாம்.

ஸ்லீப் ஸ்டடி, அதாவது தூக்கத்தைப் பதிவு செய்து பார்க்கிற டெஸ்ட். அன்று ராத்திரி என்னைப் படுக்க வைக்க முக்கால் மணி நேரம் ஆனது. தலையில் பசை வைத்து ஒயர்கள், கண்ணோரத்தில், தாடையில், காலில் ஒயர்கள், நெஞ்சுக்கு ஒன்று வயிற்றுக்கு ஒன்று என்று இரண்டு பெல்ட், மூக்கில் மெல்லிய குழாய், விரலில் சிவப்பு வெளிச்சக் கிளிப். 'இத்தனையையும் மாட்டிக்கொண்டு எவன் தூங்குவான்' என்று கேட்டேன். டெக்னீஷியன் தம்பி, "எல்லாரும் இதான் சார் கேப்பாங்க" என்றான். அவன் அடுத்த அறைக்குப் போவதற்குள் நான் தூங்கிவிட்டேனாம். மேலே சுவரில் இருட்டிலும் படம் பிடிக்கிற கேமரா ஒன்று. இருபத்திரண்டு வருடமாக ஊரார் முகத்தை எல்லாம் படம் பிடித்தவனை அன்று அது பிடித்தது.

அந்த வீடியோவை டாக்டர் எனக்குப் போட்டுக் காட்டினார். நான் தூங்குவதை நான் பார்த்தது அதுதான் முதல் முறை. சாம்பல் நிறத்தில் ஒரு உருவம், மல்லாக்கப் படுத்து, வாய் திறந்து. குறட்டைச் சத்தம் ஏறிக்கொண்டே வந்து, சட்டென்று நிற்கிறது. அறையே அமைதி. நிம்மதியாகத் தூங்குகிறான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் வயிற்றைப் பாருங்கள் என்றார் டாக்டர். வயிறு மேலே எழும்புகிறது, நெஞ்சு உள்ளே போகிறது. இது எழும்ப அது அமுங்க, இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக இழுத்துக்கொண்டிருக்கின்றன. காற்று மட்டும் போகவில்லை. நாக்கு பின்னால் சரிந்து தொண்டை ஒட்டிக்கொண்டுவிட்டது. ஓரத்தில் விநாடி ஓடுகிறது: 20, 30, 38. ஆக்ஸிஜன் எண் 94-ல் இருந்து இறங்கி 71-க்கு வருகிறது. பிறகு உடம்பே தூக்கிப்போட்டு, கிணற்றில் மூழ்கினவன் மேலே வருகிற மாதிரி ஒரு திணறல். அடுத்த நிமிடமே மறுபடியும் முதலில் இருந்து.

என் மனைவி வெளியே எழுந்து போய்விட்டாள். நான் கடைசி வரை பார்த்தேன். அந்த 38 விநாடியும் எனக்கு ரயிலில் இருந்த அந்த அம்மாதான் ஞாபகத்துக்கு வந்தார். முன்பின் தெரியாத ஒருவனின் மூச்சு இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை என்று பென்சிலைப் பிடித்துக்கொண்டு 40 வரை எண்ணியிருக்கிறார். அந்த எண்ணிக்கையின் போது அவர் மனசில் யார் இருந்திருப்பார்?

ரிப்போர்ட் வந்தது: மணிக்கு 46 முறை மூச்சு முழுசாக நிற்கிறது அல்லது பாதி அடைபடுகிறது. ஐந்துக்குக் கீழே இருந்தால் பயமில்லை, 30-ஐத் தாண்டினால் கடுமை. குறைந்தது பத்து விநாடி நீடித்தால்தான் அதைக் கணக்கிலேயே சேர்ப்பார்கள். அந்த அம்மா கணக்கு அரை மணிக்கு 17, அதாவது மணிக்கு 34. முழுசாக நின்றதை மட்டும் அவர் எண்ணியிருப்பார், பாதி அடைப்புகளைக் காதால் கண்டுபிடிக்க முடியாது என்றார் டாக்டர். அவ்வளவு ஒயரும் மெஷினும் சொன்னதை, ஓடுகிற ரயிலின் சத்தத்தில் ஒரு பென்சில் ஏறக்குறைய சொல்லியிருக்கிறது.

ஸ்லீப் ஸ்டடியின் முதல் இரண்டு மணி நேரத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டதால் அதே ராத்திரி பாதியில் என்னை எழுப்பி சிபாப் மெஷினை மாட்டினார்கள். மூக்கில் ஒரு மாஸ்க், அதில் இருந்து ஒரு குழாய், காற்றை லேசாக அழுத்திக்கொண்டே இருக்கும். தொண்டை ஒட்டிக்கொள்ளாமல் காற்றே முட்டுக் கொடுக்கும். மருந்தும் இல்லை, ஆபரேஷனும் இல்லை. எனக்கு வைத்த அழுத்தம் 11 சென்டிமீட்டர் தண்ணீர், என்றால் 11 சென்டிமீட்டர் ஆழ டம்ளரில் ஸ்ட்ராவை அடிவரை விட்டு நுரை வர ஊதுகிற அளவு. 1980-ல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர், வாக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்து இதை முதலில் செய்து பார்த்தாராம். அதற்கு முன்பு என்னைப் போன்ற கடுமையான கேஸுக்குக் கழுத்தில் துளை போடுவதுதான் வழியாம். சல்லிவன் ஐயாவுக்கும் சேர்த்தே இந்த நன்றி.

அன்று காலை ஆறரைக்கு விழித்தேன். தலை கனக்கவில்லை. என்னவோ குறைகிறதே என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். குறைந்தது அந்தத் தலைவலிதான். அப்புறம் ஞாபகம் வந்தது, கனவு கண்டிருக்கிறேன். குற்றாலத்தில் ஐந்தருவி, அப்பா துண்டைப் பிழிந்துகொண்டு நிற்கிறார். கனவு என்று ஒன்று வந்து எத்தனை வருடம்! டெக்னீஷியன் தம்பி ஒயரைக் கழற்றக் கழற்ற நான் அழுதுகொண்டிருந்தேன். அவன் எதுவும் கேட்காமல் டிஷ்யூவை நீட்டினான். தலையில் ஒட்டின பசை போக மூன்று நாள் ஆனது, அது வேறு கதை.

இப்போது 40 நாள் ஆகிறது. மெஷினுக்குள் இருக்கிற கணக்குப்படி மணிக்கு 46 என்பது 3 ஆகியிருக்கிறது. பிரஷர் மாத்திரையில் ஒன்றை டாக்டர் நிறுத்தியிருக்கிறார். எல்லாம் சுலபமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். முதல் வாரம் ராத்திரி இரண்டு மணிக்கு மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்திருக்கிறேன். மீசை வழியாகக் காற்று கசிந்தது. இருபது வருட மீசையைக் கத்தரித்தேன். சின்ன மகள் முதல் நாள் பார்த்துவிட்டு, "பிள்ளையாரப்பா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எங்கள் தெருவில் கரண்ட் போகும் நேரம் உங்களுக்கே தெரியும், பழைய இன்வெர்ட்டரைக் கொடுத்து உதவிய பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கு என் ஒவ்வொரு ராத்திரியும் கடன்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், யாரையாவது விட்டிருந்தால் உரிமையோடு திட்டுங்கள். அந்த ராத்திரி டார்ச் அடித்து ஓடி வந்த தோட்டத்துக் காவல்காரர், 108 வண்டியின் தம்பியும் தங்கையும், போட்டோ வராது என்று தெரிந்தும் ஒரு சொல் கடிந்து பேசாமல், "உசிரு இருக்குல்ல, அது போதும்" என்று சொன்ன அந்தக் கல்யாண வீட்டார், கொடுத்த அட்வான்ஸைத் திருப்பி வாங்க மறுத்த மற்ற மூன்று வீட்டார், என் தேதிகளை எல்லாம் பங்கு போட்டு எடுத்துக் கொடுத்துவிட்டு, பணத்தை என் மனைவி கையில் வைத்த சக போட்டோகிராபர்கள் (தொழிலில் நமக்குள் எத்தனை சண்டை!), தம்பிகளின் அம்மாக்கள். என்னைப் பார்த்ததும் அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்று பயந்து போனேன். சோறு போட்டு அனுப்பினார்கள். மெஷின் வாங்க என் பழைய லென்ஸ் இரண்டையும் விலை பேசாமல் வாங்கிக்கொண்ட நண்பனுக்கும், ஆறு வருடத்துக்குப் பிறகு அடுத்த அறையில் இருந்து தலையணையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டவளுக்கும்.

டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. சொன்ன பிறகும் ராத்திரியில் நான் ஓட்டப்போவதில்லை, டிரைவர் வைத்திருக்கிறேன். குலதெய்வத்துக்கு முன்னால் தம்பிகளின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன வாக்கு அது.

இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டுவிட்டது. மாசிக் கடைசியில் ஒரு கல்யாணத்துக்குச் சும்மா தம்பிகளோடு போயிருந்தேன். கல்யாண மண்டபத்தின் மூன்று மணி உங்களுக்குத் தெரியும். ஜமக்காளத்தில் வரிசையாக ஆட்கள், சமையல்கட்டில் இருந்து தாளிப்பு வாசனை, மேடையில் வாழைமரம் கட்டுகிற சத்தம், நாலாபக்கமும் குறட்டை. முன்பெல்லாம் அதை வேடிக்கையாக வீடியோ எடுத்து, கல்யாண டிவிடியில் சினிமாப் பாட்டோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். அன்று தூணுக்குப் பக்கத்தில் படுத்திருந்த ஒரு பெரியவரின் குறட்டை நின்றது. நானும் நின்றேன். பத்து, பதினைந்து, இருபத்தைந்து. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் விசிட்டிங் கார்டின் பின்னால் கோடு போட ஆரம்பித்தேன். முகூர்த்தம் முடிந்ததும் அவர் மகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரிதான் பார்த்தாள். எந்த மாதிரி என்று எனக்குத் தெரியும், ஆவணியில் நானும் அப்படித்தான் பார்த்தேன்.

அம்மா, உங்கள் தாள் இப்போது டாக்டர் ஃபைலில் இருக்கிறது. கேட்டும் தரமாட்டேன் என்கிறார், செராக்ஸ்தான் என்னிடம். என் மூச்சை எண்ணியதில் நீங்கள் பாதியில் விட்ட குறுக்கெழுத்தை நானும் என் மனைவியும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து முடித்துவிட்டோம். இடமிருந்து வலம் எல்லாம் வந்துவிட்டது, மேலிருந்து கீழும் ஆயிற்று. கீழிருந்து மேல் 18 மட்டும் இடிக்கிறது. நான்கு எழுத்து, இரண்டாவது 'ர'. நீங்கள் முதல் எழுத்தில் எதையோ எழுதி அழித்திருக்கிறீர்கள், செராக்ஸில் அது தெரியவில்லை. உங்களுக்கு ஞாபகம் இருந்தால் சொல்லி அனுப்புங்கள். தென்காசியில் எந்த ஆட்டோக்காரரிடமும் 'தூங்குமூஞ்சி ஸ்டூடியோ' என்று கேட்டால் போதும், கொண்டுவந்து விட்டுவிடுவார்கள்.